மாமல்லபுரம் போனால் என்ன மீன் சாப்பிடலாம்?

எங்கள் உத்திரமேரூர் ஏரிக்கரை ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு தனிக் குழு உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரியை நம்பிப் பிழைத்த ஊர் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆகவே மீன் என்றால் எங்கள் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கெண்டையும் கெளுத்தியும் விராலும்தான். கடல் மீன் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் வாங்குவது. அது எந்தக் கடலில், எந்தக் கிழமை பிடித்தது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அதனால்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு மாமல்லபுரம் போவது என்றால் கோயில் பார்ப்பது பாதி, மீன் சாப்பிடுவது பாதி. தூரம் சுமார் 60 கிலோமீட்டர். புக்கத்துறை கூட்டுரோடு வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கே பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேரலாம். 2019 நவம்பர் வரை இரண்டு ஊரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். இப்போது அவர்கள் செங்கல்பட்டு மாவட்டம், நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். மாவட்டம் பிரிந்தாலும் மீன் ஆசை பிரியவில்லை!

கல்கோயில்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் அர்ச்சுனன் தபசும் 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். 2022ல் செஸ் ஒலிம்பியாட் பக்கத்துப் பூஞ்சேரியில் நடந்தது. இதெல்லாம் பேப்பரிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிற நம்மைப் போன்றவர்களுக்கு, மத்தியானம் 1 மணிக்கு எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுவது என்பதுதானே பெரிய கேள்வி? அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

போன தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வியாழக்கிழமை நாங்கள் 7 பேர் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், என் மாமியார், பிரசவத்துக்கு வந்து 7 மாதக் கைக்குழந்தையோடு இருக்கும் என் பெரிய பெண், லீவில் வந்திருந்த மாப்பிள்ளை, என் நாத்தனாரின் 6 வயதுப் பெண். குழந்தையையும் சேர்த்தால் 7. சனி, ஞாயிறு போனால் சென்னைக் கூட்டம் முழுக்க அங்கேதான் இருக்கும். ஹோட்டலில் இடமும் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும். கிழமை நாளில் போவது நல்லது.

கிளம்பும்போதே இரண்டு பேருக்கு இரண்டு ஆசை. என் வீட்டுக்காரருக்குக் கடலைப் பார்த்த ஹோட்டலில் மாப்பிள்ளையை உட்கார வைத்து வஞ்சிரம் வறுவல் வாங்கிக் கொடுக்க வேண்டும். என் மாமியாருக்கு வேறு கவலை. "புள்ளை பெத்தவ பால் பத்தலைன்னு சொல்றா. பால்சுறா வாங்கிப் புட்டு செஞ்சு குடுத்தா தானா ஊறும். கடலு வரைக்கும் போய் சுறா வாங்காம வரலாமா?" என்று பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

கரைக்கு வந்த மீன்

மீன் சாப்பிடப் போகிறவர்கள் காலை 8 மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பம். இந்த ஊரில் பெரிய துறைமுகம் கிடையாது. மோட்டார் வைத்த ஃபைபர் படகுகள் நேரே மணலில் வந்து ஏறும். விடியற்காலையில் போன படகுகள் திரும்பி வரும் நேரம் அது. வலையை உதறி மீனை ரகம் பிரிக்கிறார்கள். ஆண்கள் வலையோடு நிற்க, விலை பேசுவது, கூறு போடுவது, கூடையில் ஏற்றுவது எல்லாம் பெண்கள் கையில். அவர்கள் கணக்குப் போடும் வேகத்தைப் பார்த்தால் நம் வீட்டுப் பால் கணக்கு நினைவுக்கு வந்து வெட்கமாக இருக்கும்!

அங்கே முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று. மெனு கார்டில் தினமும் இருக்கிற மீன்கள் கரையில் தினமும் இருப்பதில்லை. நாங்கள் போன அன்று வஞ்சிரம் நாலைந்துதான் வந்திருந்தது. அதையும் கூடையோடு ஹோட்டலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் நெத்திலி மலை மாதிரிக் குவிந்திருந்தது. சங்கரா, கிழங்கான், காரப்பொடி, மத்தி, சின்னப் பாறை, கொஞ்சம் கடமா (கணவாயைத்தான் இந்தப் பக்கத்தில் இப்படிச் சொல்கிறார்கள்), ஒரு கூடை நண்டு.

கூறு போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம், "ஏம்மா, வஞ்சிரம் இல்லையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வஞ்சிரம் வந்தா வரும், வராட்டி இல்ல. கடல்ல மெனு கார்டு தொங்குதா சார்?" என்று அந்த அம்மா சிரித்தார். "இன்னிக்கு நெத்திலி வந்துருக்கு, சங்கரா வந்துருக்கு. எங்க வூட்ல இன்னிக்கு அதான் கொழம்பு."

எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. அன்று முழுக்க நாங்கள் அதைத்தான் கடைப்பிடித்தோம். இன்றைக்குக் கடல் எதைக் கொடுத்ததோ அதைக் கேட்டுச் சாப்பிட்டால் விலையும் குறைவு, மீனும் புதிது, உடம்புக்கும் நல்லது.

நல்ல மீனைப் பார்த்து வாங்கத் தெரியாதவர்களுக்காகச் சில குறிப்புகள். கண் தெளிவாக, கொஞ்சம் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும்; குழி விழுந்து கலங்கியிருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பாருங்கள்: நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகவோ வெளுத்தோ இருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். புது மீனுக்குக் கடல் வாசனைதான் இருக்கும், நாற்றம் இருக்காது. இறாலுக்குத் தலை உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும், கறுத்திருக்கக் கூடாது. நண்டு கையில் கனக்க வேண்டும். 2018ல் சென்னை மீன்களில் ஃபார்மலின் கலப்பதாகப் பெரிய பேச்சு எழுந்தது நினைவிருக்கும். படகிலிருந்து இறங்குகிற மீனைக் கண்ணெதிரே வாங்கினால் அந்தப் பயம் இல்லை.

சுறா வாங்கினோமா?

ஒரு கூடையில் முழ நீளத்தில் இரண்டு பால்சுறா கிடந்தன. என் மாமியார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! ஆனால் என் பெண் தயங்கினாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா, பால் கொடுக்கும் வரை சுறா வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம்.

"நாங்கெல்லாம் சுறாப் புட்டு தின்னுதான் அஞ்சு புள்ளை வளர்த்தோம். எந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சு?" என்றார் மாமியார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி சமயத்தில் நடுவில் நிற்கிற நம் பாடு உங்களுக்குத் தெரியாததா? எனக்குத் தெரிந்ததைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கடல் தண்ணீரில் பாதரசம் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. நிலக்கரி எரிப்பது, சுரங்கம், ஆலைகள் இவற்றால் இது அதிகமாகிறது. சின்னப் பூச்சிகளில் ஏறி, அவற்றைத் தின்னும் சின்ன மீனில் ஏறி, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகிறது. சுறா மற்ற மீன்களைத் தின்று பல வருஷம் வாழ்கிற மீன். அதனால் அதன் சதையில் பாதரசம் சேர இடம் உண்டு. சமைத்தாலும் போகாது. வளரும் குழந்தையின் மூளைக்கும் நரம்புக்கும் இது கெடுதல். அதனால்தான் கருவுற்றவர்களும் பால் கொடுப்பவர்களும் சிறு குழந்தைகளும் சாப்பிடக் கூடாத மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவை வைத்திருக்கிறது. அதே பட்டியலில் நெத்திலி, மத்தி, இறால், கணவாய் எல்லாம் வாரத்துக்கு 2, 3 முறை தாராளமாகச் சாப்பிடலாம் என்று இருக்கிறது. வஞ்சிரம் போன்ற பெரிய வேட்டை மீனையும் தாய்மார்கள் எப்போதாவது ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்படியானால் நம் பெரியவர்கள் செய்தது தவறா? இல்லை. அந்தப் புட்டில் பெரிய புத்தி இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு முள் இல்லாமல், சீக்கிரம் செரிக்கிற மாதிரி, பூண்டும் இஞ்சியும் மிளகும் சேர்த்துச் சத்துள்ள சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பதுதானே அதன் நோக்கம்? மீனை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். பால் ஊறுவதற்கு முதல் காரணம் குழந்தை அடிக்கடி வாய் வைத்துக் குடிப்பதுதான். தாய் வயிறாரச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கொஞ்சம் தூங்கவும் வேண்டும். கடைசியில் சொன்னதற்கு வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் உதவ வேண்டும்!

கூறு போட்ட அம்மாவும் கேட்டுக்கொண்டே இருந்தார். "பெரியம்மா, புட்டுக்குச் சுறாதான் வேணும்னு இல்ல. இந்தப் பாறையில செஞ்சு குடுங்க, பூ மாதிரி உதிரும்" என்று என் மாமியாரிடம் சொன்னார். வயதில் தன்னை ஒத்த ஒருத்தர் சொன்னதும் மாமியார் இறங்கிவந்தார். "சரி, புட்டை நான்தான் செய்வேன். பூண்டைக் கொறைக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனையோடு! ஊருக்குத் திரும்பும்போது சின்னப் பாறை வாங்கிக்கொள்வதாகப் பேசி, அந்த அம்மாவிடமே ஐஸில் எடுத்து வைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்தோம்.

ஹோட்டலில் உட்கார்ந்தால்

கோயில்களைப் பார்த்துவிட்டு ஒத்தவாடைத் தெருவுக்கு வந்தோம். கடலைப் பார்க்கப் போகும் இந்தத் தெருவில்தான் மீன் ஹோட்டல்கள் நெருக்கமாக இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் பல வருஷமாக வந்து தங்குகிற தெரு என்பதால் மெனு கார்டில் நமக்குப் புரியாத பெயர்கள் நிறைய. பெரும்பாலும் பூண்டும் வெண்ணெயும் போட்டு வாட்டியது, அல்லது தணலில் சுட்டது. காரம் குறைவு. எங்கள் 6 வயதுப் பெண்ணுக்கு வெண்ணெயில் வாட்டிய கடமா வளையம் ரொம்பப் பிடித்துவிட்டது. நாம் வீட்டில் காரமாகக் கொடுத்துத் துப்ப வைப்பதற்கு இது தேவலை.

இந்த ஹோட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் அன்றைய மீன், சிங்கி இறால், நண்டு எல்லாம் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். நீங்கள் விரல் காட்டியதைச் சமைத்துக் கொடுப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விரல் நீட்டுவதற்கு முன்னால் வாயைத் திறந்து கேளுங்கள்:

• விலை கிலோவுக்கா, ஒரு மீனுக்கா?
• எடை போடுவது முழு மீனா, கழுவிச் சுத்தம் செய்த மீனா?
• நம் கண்ணெதிரே எடை போடுவார்களா?
• சமைப்பதற்குத் தனிக் காசு உண்டா?
• இது இன்று வந்ததா, ஐஸ் பெட்டியில் இருந்ததா?

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நாங்கள் உட்கார்ந்த ஹோட்டலில் பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். சிங்கி இறாலைக் காட்டியதும் தலையாட்டிவிட்டார்கள். பில் வந்தபோது அந்த அப்பா முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. தட்டில் காட்டிய விலை 100 கிராமுக்காம். அவர் ஒன்றின் விலை என்று நினைத்திருக்கிறார். குழந்தைகளுக்கு வாங்குவதாகச் சொன்ன ஐஸ்கிரீமை வேண்டாம் என்று சொல்லி எழுந்து போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லைதான். ஆனால் புரியும்படி சொல்லவும் இல்லை.

பில்லில் ஹோட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போடுவார்கள், அது சரி. அதற்கு மேல் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒன்று இருந்தால் அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம்? மாப்பிள்ளைக்காக ஒரே ஒரு முழுச் சங்கரா, முக்கால் கிலோ இருக்கும், தணலில் சுட்டுத் தரச் சொன்னோம். கூட ஒரு தட்டு கடமா. அதை 6 பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். கடல் காற்று, சுட்ட மீன், மேலே பிழிந்த எலுமிச்சம்பழம். என் வீட்டுக்காரர் ஆசையும் தீர்ந்தது, பையும் கிழியவில்லை. வஞ்சிரம் கேட்டிருந்தால் அன்று எங்கள் பஸ் காசுக்கும் மாப்பிள்ளையிடம் கை நீட்ட வேண்டியிருக்கும்!

எலுமிச்சம்பழம் என்றதும் ஒரு விஷயம். மெக்சிகோ, பெரு போன்ற நாடுகளின் கடற்கரை ஊர்களில் பச்சை மீனைச் சின்னத் துண்டாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்து, வெங்காயம் மிளகாய் தூவிச் சாப்பிடுவார்கள். செவிச்சே என்று பெயர். புளிப்பு ஏறியதும் சதை வெந்தது போல வெளுத்துவிடும். ஆனால் நெருப்பில் வெந்தது மாதிரிக் கிருமிகளும் புழுக்களும் சாகாது. சுற்றுலா ஊர்களில் இப்போது இப்படிப்பட்ட புதுப் பண்டங்கள் கிடைக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பால் குடிக்கும் குழந்தை உள்ளவர்களுக்கும் சிறுவர்களுக்கும் பச்சை மீன் வேண்டவே வேண்டாம். நம் புளி ஊற்றிக் கொதித்த குழம்புக்கு மேல் பாதுகாப்பு எது?

சின்னக் கடையில் முழுச் சாப்பாடு

ஆனால் சுட்ட மீனால் நம் வயிறு நிறையுமா? சோறு வேண்டாமா? அதற்காக பஸ் நிற்கிற பக்கம் நடந்து, நாலு மேஜை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வெளியே பலகையில் சாக்பீஸால், "இன்று நெத்திலி" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததுமே உள்ளே போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். தினமும் பலகையை அழித்து எழுதுகிற கடையில் தினமும் மீன் மாறுகிறது என்று அர்த்தம்.

சூடான சோறு, மாங்காய் போட்ட மீன் குழம்பு, மொறுமொறுவென்று நெத்திலி வறுவல், ரசம், மோர். ஹோட்டலில் ஒரு மீனுக்கும் ஒரு தட்டு கடமாவுக்கும் கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இங்கே அத்தனை பேர் சாப்பாட்டுக்கும் ஆயிற்று. அந்தக் குழம்பின் ருசியை என்னவென்று சொல்ல! மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்த மசாலா, சின்ன வெங்காயம், கடைசியில் ஒரு மாங்காய்க் கீற்று. தேங்காய் இல்லை.

இப்படிக் கடைகளில் பார்க்க வேண்டியது எண்ணெயைத்தான். வறுவல் சட்டியில் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, புகைந்துகொண்டிருந்தால் வறுவல் வேண்டாம், குழம்பு மட்டும் போதும். கண்ணைப் பறிக்கும் சிவப்பில் தொங்கும் மீனும் வேண்டாம். மிளகாய்த்தூள் அவ்வளவு சிவப்பு தராது. கடற்கரை மணலில் தள்ளுவண்டியில் மசாலா தடவி வெயிலில் அடுக்கியிருக்கும் மீன் எத்தனை நேரமாக இருக்கிறது என்று தெரியாது. வெயிலில் கிடந்த மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் ஒரு விதமான நச்சு உண்டாகும். வறுத்தாலும் வேக வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு எடுத்து, தலை வலிக்கும். அப்படி ஆனால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

மோர் ஊற்றும்போது என் மாமியார் இலையை மூடிவிட்டார். "மீனும் மோரும் சேர்த்தா வெண்குஷ்டம் வரும்" என்றார். இது பல வீடுகளில் இருக்கிற பயம். அந்தத் தோல் வெளுப்பு நம் உடம்பே நிறம் தரும் அணுக்களைத் தாக்குவதால் வருவது. மீனோடு தயிர் சேர்வதால் வருவதாக மருத்துவத்தில் நிரூபணம் இல்லை. அதற்காகப் பெரியவர்களை வற்புறுத்த வேண்டாமே. அவர் ரசத்தோடு முடித்துக்கொண்டார். நாங்கள் மோர் சாப்பிட்டோம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

6 மாதம் முடிந்த குழந்தைக்கு மீன் கொடுக்கலாம். ஆனால் முதன்முதலாகக் கொடுப்பதை வெளியூரில், ஹோட்டலில் வைத்துச் செய்ய வேண்டாம். வீட்டில், காலை நேரத்தில், வேக வைத்து முள் நீக்கி மசித்த மீனை அரை ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்பு, வாந்தி எதுவும் இல்லை என்றால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம். எங்கள் பேரனுக்கு அன்று வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புச் சோறும் தாய்ப்பாலும்தான். இறால், நண்டு சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். உதடு வீங்கினால், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முள் தொண்டையில் சிக்கிக்கொண்டால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வதும் வாழைப்பழம் கொடுப்பதும் நம் வழக்கம். முள் இன்னும் ஆழமாகக் குத்திவிடக் கூடும் என்பதால் டாக்டர்கள் இதை வேண்டாம் என்கிறார்கள். விரலையும் விடக் கூடாது. காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டினால் நிமிஷத்தில் எடுத்துவிடுவார். 6 வயதுக் குழந்தைக்கு நெத்திலியில் நடுமுள்ளை உருவிவிட்டுக் கொடுங்கள்; சங்கராவில் வயிற்றுப் பக்கத்தை விட்டு முதுகுச் சதையைக் கொடுங்கள்.

சாப்பிட்டதும் பிள்ளைகள் தண்ணீரில் இறங்க அடம்பிடிக்கும். இந்தக் கடலில் அலை இழுப்பு அதிகம். கால் நனைப்பதோடு சரி. ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் நுழைவுச் சீட்டு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு கிடையாது. வெயில் ஏறுவதற்குள் இவற்றைப் பார்த்துவிட்டால் மத்தியானம் நிழலில் உட்காரலாம்.

எப்போது போவது நல்லது?

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களில் படகுகள் போகா, விலை ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017லிருந்து 61 நாள். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை சரியாக அதே சமயம்! அப்போது ஹோட்டலில் பெரிய மீன் கிடைத்தால் அது ஐஸில் இருந்ததாகவோ மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்ததாகவோ இருக்கலாம். சின்னப் படகுகளுக்குத் தடை இல்லாததால் கரையோரச் சின்ன மீன்கள் கிடைக்கும். அந்த மாதங்களில் போனால் நெத்திலி, கிழங்கான், காரப்பொடி கேளுங்கள். புரட்டாசியில் பலர் அசைவம் விட்டுவிடுவதால் விலை இறங்கும். விரதம் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு அது லாபம்.

வீட்டுக்குக் கொண்டுவர

வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு தெர்மக்கோல் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு எடை உடைத்த ஐஸ் வேண்டும். கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதன் மேல் ஐஸ். வாங்கிய இடத்திலேயே குடலை எடுத்துச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். இப்படி வைத்தால் 3 மணி நேரப் பயணத்தில் ஒன்றும் ஆகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிக்காதபடி பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்!

மறுநாள் காலை என் மாமியார் செய்த பாறை மீன் புட்டின் பக்குவம் இதோ.

அரைக் கிலோ மீனை மஞ்சள்தூள், உப்பு போட்டு 10 நிமிஷம் வேக வைத்து, தண்ணீரை வடித்து, தோலும் முள்ளும் ஒன்றுகூட இல்லாமல் நீக்கி, கையால் பிழிந்து உதிர்த்துக்கொள்ள வேண்டும். வாணலியில் 3 ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு சோம்பு தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம், பூண்டு 20 பல், ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை போட்டு நன்றாகச் சிவக்க வதக்க வேண்டும். பச்சை மிளகாய் ஒன்று போதும். உதிர்த்த மீனைப் போட்டுச் சின்னத் தீயில் ஈரம் வற்றும் வரை கிளறி, ஒரு ஸ்பூன் மிளகுத்தூள் தூவி இறக்க வேண்டும். சூடான சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கும். என் பெண் இரண்டு தடவை கேட்டாள். "சுறா மாதிரி வராதுன்னுதான் நெனச்சேன். பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்று என் மாமியாரே சொல்லிவிட்டார்.

மீதியிருந்த நெத்திலியைக் குழம்பு வைத்தேன். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மூளைக்கும் இதயத்துக்கும் நல்லதென்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் நெத்திலியிலும் தாராளமாக இருக்கிறது. வஞ்சிரத்தின் விலையில் கால்வாசிகூட இல்லாத மீனில் இவ்வளவு இருக்கிறது.

சகோதரிகளே, மாமல்லபுரம் மட்டுமல்ல, கோவளம் போனாலும், நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போனாலும், மெனு கார்டைப் பிரிப்பதற்கு முன்னால் சர்வரிடம், "இன்னிக்குக் கரைக்கு என்ன மீன் வந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் தைரியமாக உட்காருங்கள். தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாமே இருக்குங்க" என்று சொன்னால், நாலு கடை தள்ளி நடந்து பாருங்கள். பசிக்கு அந்த நடை நல்லதுதான்!